கியூபைத் திறந்தாயிற்று, வேக வரைபடம் ஏன் கந்தரகோளமாக வருகிறது?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு கேலக்ஸியின் 21 செ.மீ. ஹைட்ரஜன் கியூபையும் அதே கேலக்ஸியின் கார்பன் மோனாக்சைடு கியூபையும் இறக்கி வைத்திருக்கிறீர்கள். கியூப் என்பது வேகத்துக்கு ஒன்றாக வானத்துப் படங்களை அடுக்கிய முப்பரிமாணத் தரவு, ஒவ்வொரு படமும் ஒரு சேனல். ஹைட்ரஜன் கியூபை பைத்தானில் திறந்தால் 1, 250, 1024, 1024 என்று நான்கு அச்சுகள் வருகின்றன, வரிசையும் ஹெடரில் (கோப்பின் தலைக்குறிப்பில்) உள்ளதற்குத் தலைகீழாக இருக்கிறது. முதல் மோமென்ட் (சராசரி வேகம்) எடுத்தால் வேக வரைபடத்துக்குப் பதில் கலர் பொடியைக் கொட்டியது போல ஒன்று வருகிறது, சில பிக்சல்களில் மைனஸ் எட்டாயிரம். நல்ல பிரகாசமான ஓர் இடத்தில் பார்த்தால்கூட நிறமாலைக் கோட்டின் அகலம் காசா என்ற ரேடியோ வானியல் மென்பொருளில் 9, பைத்தானில் 81. ‘எந்த மென்பொருள் சரி, எதை வைத்து இரண்டு கியூபையும் ஒப்பிடட்டும்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். இவற்றில் ஒன்றுகூட மென்பொருளின் தவறு அல்ல. எந்த வேலையை எதற்கு முன்னால் செய்ய வேண்டும் என்பதுதான் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். நான் பல வருடங்களாக ரேடியோ கியூப்களோடு மாரடிப்பவன். ஆப்டிகல் கியூப்களை அவ்வப்போது தொட்டதோடு சரி, அதனால் அவற்றைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம்தான் சொல்வேன்.

81, 9 விவகாரத்தை முதலில் முடித்துவிடலாம். பைத்தானின் ஸ்பெக்ட்ரல்-கியூப் தொகுப்பில் இரண்டாம் மோமென்ட் என்றால் மாறுபாடு, அதாவது வேகத்தின் வர்க்கம். காசா அதே பெயரில் தருவது அதன் வர்க்கமூலம். 81-இன் வர்க்கமூலம் 9. இரண்டும் ஒரே விடைதான். ஸ்பெக்ட்ரல்-கியூபிலேயே கோட்டின் அகலத்தை சிக்மாவாக (நியமவிலக்கமாக) நேரடியாகத் தரும் கட்டளை தனியாக இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள். அலகைப் பார்த்திருந்தால் வர்க்கம் என்று அதிலேயே எழுதியிருக்கும். என் மாணவர்களும் அதைப் பார்ப்பதில்லை.

அச்சு வரிசை தலைகீழாக இருப்பதற்குக் காரணம் சரித்திரம். ஃபிட்ஸ் என்ற வானியல் கோப்பு வடிவம் 1981-இல் வெளியானது, அதன் வரிசை ஃபோர்ட்ரான் மரபு. ஹெடரில் முதல் அச்சுதான் வட்டில் வேகமாக ஓடும் அச்சு. பைத்தானின் எண் தொகுப்பான நம்பை அதைக் கடைசியில் வைக்கும். ஆகவே ஹெடரில் வலஏற்றம், நடுவரை விலக்கம், வேகம், ஸ்டோக்ஸ் என்றிருப்பது பைத்தானில் ஸ்டோக்ஸ், வேகம், விலக்கம், ஏற்றம் என்று வரும். முதலில் தெரியும் அந்த 1 ஸ்டோக்ஸ் அச்சு, ஒளியின் முனைவாக்கத்தைக் குறிப்பது. அதில் மொத்தச் செறிவு மட்டும்தான் இருக்கிறது, தூக்கிப் போட்டுவிடலாம். இதோடு ஃபிட்ஸ் பிக்சலை 1-இலிருந்து எண்ணும், பைத்தான் 0-இலிருந்து எண்ணும். கையால் பிக்சல் எண் போட்டு வெட்டுபவர்கள் எல்லோரும் ஒரு நாளாவது ஒரு பிக்சல் தள்ளி வெட்டியிருப்பார்கள். பிக்சல் எண்ணே போடாமல் வானத்து ஆயங்களையும் வேகத்தையும் கொடுத்து வெட்டுவது நல்லது. வேக அச்சு சில கியூப்களில் இறங்குமுகமாக இருக்கும், அதிர்வெண் ஏறினால் வேகம் குறையும் அல்லவா. ஹெடரில் உள்ள சேனல் அகலத்தைக் குறியோடு அப்படியே பெருக்கிக் கூட்டினால் மொத்த ஃப்ளக்ஸ் (வந்து சேரும் ஒளியின் அளவு) மைனஸில் வந்து நிற்கும்.

எதையும் கணக்கிடுவதற்கு முன் கியூபைக் கண்ணால் பாருங்கள். கார்ட்டாவோ டிஎஸ்9-ஓ, படம் பார்க்கும் எந்த நிரல் கைவசம் இருக்கிறதோ அதில் சேனல் சேனலாக ஓட்டுங்கள். அரை மணி நேரம் போதும். வாயு எந்தச் சேனலில் தொடங்கி எதில் முடிகிறது, கோடு இல்லாத சேனல்கள் இரண்டு ஓரத்திலும் எத்தனை, பட்டை பட்டையாக ஏதாவது தெரிகிறதா, ஓரத்துச் சேனல்கள் வெறுமையா, பிரகாசமான பகுதியைச் சுற்றிக் கிண்ணம் போலப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வரும் எல்லா முடிவுகளுக்கும் இந்தக் குறிப்புதான் ஆதாரம்.

அடுத்தது வேகம். இதில் என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். நொடிக்கு 3000 கி.மீ. வேகத்தில் விலகிப்போகும் ஒரு கேலக்ஸியில், ஹைட்ரஜனுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் இடையே எல்லா இடத்திலும் 30 கி.மீ. வித்தியாசம் வந்தது. மூன்று வாரம் அதற்கு இயற்பியல் விளக்கம் தேடினேன். வாயு உள்நோக்கிப் பாய்கிறது என்று ஒரு வரைவுகூட எழுதிவிட்டேன். கடைசியில் பார்த்தால் ஒரு கியூப் ஆப்டிகல் வரையறையில், மற்றது ரேடியோ வரையறையில். அதிர்வெண் எவ்வளவு குறைந்தது என்பதை ஓய்வு அதிர்வெண்ணால் (மூலம் நகராதபோது கோட்டுக்கு உள்ள அதிர்வெண்) வகுத்தால் ரேடியோ வேகம், பதிவான அதிர்வெண்ணால் வகுத்தால் ஆப்டிகல் வேகம். 3000-இல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ 30, 10,000-இல் 320-ஐத் தாண்டிவிடும். இடத்துக்கு இடம் மாறாமல் ஒரே அளவில் வித்தியாசம் வந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆகவே இரண்டு கியூபின் ஹெடரிலும் மூன்றைப் பாருங்கள்: ஓய்வு அதிர்வெண், வேக வரையறை, எந்தச் சட்டகத்தில் அளந்த வேகம் என்பது. ஹைட்ரஜனுக்கு 1420.40575 மெகாஹெர்ட்ஸ், கார்பன் மோனாக்சைடின் 2-1 கோட்டுக்கு 230.538 கிகாஹெர்ட்ஸ், 1-0 கோட்டுக்கு 115.271 கிகாஹெர்ட்ஸ். அலகையும் வரையறையையும் மாற்ற ஸ்பெக்ட்ரல்-கியூபில் ஒரே வரி போதும், எண்களைத் தொடாமல் அச்சை மட்டும் மாற்றும். ஆனால் அந்த வரி சட்டகத்தை மாற்றாது. ஒன்று சூரியக் குடும்பத்தின் ஈர்ப்பு மையத்தை வைத்தும் மற்றது சூரியனின் சுற்றுப்புற விண்மீன்களை வைத்தும் அளந்ததாக இருந்தால், திசையைப் பொறுத்து நொடிக்கு 20 கி.மீ. வரை வித்தியாசம் நிற்கும். அதை நீங்கள்தான் கழிக்க வேண்டும்.

இதன்பின் வெட்டுங்கள். உங்கள் கியூப் 26 கோடி எண்கள், எண்ணுக்கு 4 பைட் என்றால் ஒரு ஜிகாபைட்டுக்குச் சற்று மேல். மடிக்கணினிக்கு இது பெரிதில்லை. 4000-க்கு 4000, ஆயிரம் சேனல் என்றால் 64 ஜிகாபைட், அப்போது நிலைமை வேறு. ஸ்பெக்ட்ரல்-கியூப் வட்டிலிருந்து தேவைப்படும்போது மட்டும் படிக்கும், பெரிய கியூப் முழுவதையும் நினைவகத்தில் ஏற்றும் செயலைத் தடுத்து எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை அணைக்கும் வழியை இணையத்தில் பார்த்து உடனே அணைத்துவிடாதீர்கள். கேலக்ஸியைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டு வெட்டினாலே பெரும்பாலும் பிரச்சினை தீர்ந்துவிடும். வேக அச்சில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கோடு இல்லாத சேனல்கள் இரண்டு பக்கமும் இருபதாவது இருக்கட்டும், இரைச்சலை அளக்க அவை வேண்டும்.

இப்போது உங்கள் கலர் பொடிக்கு வருகிறேன். முதல் மோமென்ட் என்பது செறிவை எடையாகக் கொண்ட சராசரி வேகம். ஒவ்வொரு சேனலின் வேகத்தையும் அதன் செறிவால் பெருக்கிக் கூட்டி, செறிவுகளின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். கோடே இல்லாத ஒரு பிக்சலில், இரண்டே சேனல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கி.மீ. சேனலில் செறிவு 1.0, 200 கி.மீ. சேனலில் மைனஸ் 0.9. இரண்டும் வெறும் இரைச்சல். மேலே 100 கழித்தல் 180, அதாவது மைனஸ் 80. கீழே 0.1. விடை நொடிக்கு மைனஸ் 800 கி.மீ.! கியூபில் இருப்பது 100-உம் 200-உம் மட்டுமே, விடையோ மைனஸ் 800. உங்கள் மைனஸ் எட்டாயிரம் வந்த வழியும் இதுதான். இரைச்சல் கூடியும் குறைந்தும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு வகுக்கும் எண்ணைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடுகிறது. எந்த மென்பொருளில் செய்தாலும் இப்படித்தான் வரும்.

இதற்கு மருந்து மாஸ்க். எங்கே கோடு இருக்கிறது என்று நம்புகிறோமோ அந்த இடங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விலக்குவது. எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இரைச்சலைப் போல மூன்று மடங்குக்குக் கீழே உள்ளதையெல்லாம் வெட்டுவது. அது இரண்டு பக்கமும் உதை வாங்கித் தரும். இரைச்சல் சீரான மணி வளைவாக இருந்தாலும் அதில் 0.135 சதவீதம் மூன்று சிக்மாவுக்கு மேலே இருக்கும். 26 கோடியில் அது மூன்றரை லட்சம். அத்தனையும் கோடு என்ற பெயரில் உள்ளே வந்துவிடும். இன்னொரு பக்கம், கேலக்ஸியின் ஓரத்தில் உள்ள மங்கலான வாயு சேனலுக்கு இரண்டு சிக்மாவாகப் பத்துச் சேனலில் பரவியிருக்கும். அது நிஜம், ஆனால் மொத்தமாக வெளியே போய்விடும்.

நான் செய்வது இப்படி. கியூபின் ஒரு நகலை பீமைப் போல இரண்டு மடங்கு அகலத்துக்கு மழுக்குகிறேன் (பீம் என்பது ஒரு புள்ளி படத்தில் பரவித் தெரியும் அளவு), வேக அச்சிலும் இரண்டு மூன்று சேனலுக்கு மழுக்குகிறேன். அந்த நகலில் கோடு இல்லாத சேனல்களை வைத்து இரைச்சலைப் புதிதாக அளக்கிறேன். சாதாரண நியமவிலக்கம் வேண்டாம், ஒரு பிரகாசமான பொருள் உள்ளே இருந்தாலும் அது ஏறிவிடும். இடைநிலையிலிருந்து விலகலின் இடைநிலையை எடுத்து 1.4826-ஆல் பெருக்குங்கள், அது ஏமாறாது. நான்கு சிக்மாவுக்கு மேல் உள்ளவற்றை விதையாக வைத்து, அவற்றோடு ஒட்டியிருக்கும் இரண்டு சிக்மா வரையிலான பகுதியைச் சேர்த்துக்கொள்கிறேன். பீமைவிடச் சின்னதாகவோ ஒரே சேனலில் மட்டுமோ நிற்கும் துண்டுகளைத் தூக்கி எறிகிறேன். இப்படிக் கிடைத்த மாஸ்க்கை அசல் கியூபின் மேல் போர்த்தி, மோமென்ட்டை அசலிலிருந்து எடுக்கிறேன். மழுக்கிய நகலின் வேலை மாஸ்க்கோடு முடிந்தது. சோஃபியா என்ற நிரலும் ஏறத்தாழ இதே வேலையைப் பல அளவுகளில் மழுக்கிப் பார்த்துத் தானாகச் செய்யும்.

இதில் எது உறுதி, எது என் அபிப்பிராயம் என்றும் சொல்லிவிடுகிறேன். மாஸ்க் இல்லாமல் முதல், இரண்டாம் மோமென்ட்டுக்கு அர்த்தமில்லை என்பது உறுதி. மாஸ்க்கை மழுக்கிய நகலில் செய்தால் மங்கலான வாயு தப்பிக்கும் என்பதும் உறுதி. ஆனால் நான்கு, இரண்டு என்ற எண்கள் பழக்கத்தில் வந்தவை. ஐந்து, மூன்று என்று வைப்பவர்களும் உண்டு, அவர்களைத் தவறு என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. எண்ணைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். உங்கள் முடிவும் கூடவே மாறினால் அந்த முடிவை வெளியே சொல்லாதீர்கள். இன்னொன்று, வேகத்துக்கு ஏற்ற இறுக்கமான மாஸ்க் மொத்த ஃப்ளக்ஸுக்கு ஏற்றதல்ல. ஃப்ளக்ஸுக்குத் தாராளமான மாஸ்க் வேண்டும், பூஜ்ய மோமென்ட்டில் (செறிவுகளின் வெறும் கூட்டுத்தொகை) வகுத்தல் இல்லாததால் இரைச்சல் அங்கே அவ்வளவு ஆட்டம் போடாது. அதற்காக எல்லாச் சேனலையும் கூட்டவும் வேண்டாம். கூட்டலின் இரைச்சல் சேனல் எண்ணிக்கையின் வர்க்கமூலமாக ஏறும், 10 சேனலுக்குப் பதில் 250-ஐக் கூட்டினால் ஐந்து மடங்கு இரைச்சலைச் சும்மா வாங்கிக்கொள்கிறீர்கள். முதன்மை பீம் திருத்தம் (ஆண்டெனாவின் உணர்திறன் ஓரத்தில் குறைவதை ஈடுகட்டுவது) செய்த கியூபும் செய்யாத கியூபும் இரண்டுமே கிடைத்தால், மாஸ்க்கைத் திருத்தாததில் செய்யுங்கள். அதில்தான் இரைச்சல் மையத்திலும் ஓரத்திலும் ஒரே அளவு. ஃப்ளக்ஸைத் திருத்தியதில் அளவிடுங்கள்.

இனி இரண்டு கியூபையும் ஒப்பிடுவது. உங்கள் ஹைட்ரஜன் பீம் 6 ஆர்க்செகண்ட், மற்றது 13 என்று எழுதியிருந்தீர்கள். கூர்மையானதை மழுக்கி 13-க்குக் கொண்டுவர வேண்டும், மறுபக்கம் போக வழியில்லை. மழுக்கும் காஸியனின் அகலம் 7 அல்ல. 13-இன் வர்க்கத்திலிருந்து 6-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 11.5 ஆர்க்செகண்ட். இது பாதி உயரத்து அகலம். நிரல் சிக்மாவைக் கேட்டால் 2.355-ஆல் வகுக்க வேண்டும், 4.9 ஆர்க்செகண்ட் வரும். பிக்சல் 1.5 ஆர்க்செகண்ட் என்றால் 3.3 பிக்சல். ஸ்பெக்ட்ரல்-கியூபில் இலக்கு பீமைக் கொடுத்தால் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும், நீள்வட்ட பீமையும் சாய்வோடு சமாளிக்கும். ஆனாலும் ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்பது நல்லது.

இங்கே எல்லோரும் விழும் குழி அலகு. பீமுக்கு இத்தனை ஜான்ஸ்கி என்ற ஃப்ளக்ஸ் அலகில் பீம் பெரிதாகும்போது எண்ணும் பெரிதாக வேண்டும், இங்கே பரப்பு விகிதம் 169-க்கு 36, அதாவது 4.7 மடங்கு. நம்பை, சைபை தொகுப்புகளை வைத்து வெறும் வடிகட்டியால் மழுக்கினால் இந்தப் பெருக்கலை யாரும் செய்து தர மாட்டார்கள். நான் மழுக்குவதற்கு முன்பே கெல்வினுக்கு மாற்றிவிடுவேன். கெல்வின் பரப்புப் பிரகாசம், பீம் மாறினாலும் பெருக்க வேண்டியதில்லை. 21 செ.மீ. கோட்டுக்குச் சூத்திரம் எளிது: பீமுக்கு மில்லிஜான்ஸ்கியை 606-ஆல் பெருக்கி, பீமின் இரண்டு அகலங்களின் பெருக்குத்தொகையால் வகுத்தால் கெல்வின். 6 ஆர்க்செகண்ட் பீமில் ஒரு மில்லிஜான்ஸ்கி என்றால் 16.8 கெல்வின். அந்தக் கெல்வினை வேகத்தின் மேல் கூட்டி 1.823 பெருக்கல் 10-இன் 18-ஆம் அடுக்கால் பெருக்கினால், ஒரு சதுர சென்டிமீட்டர் தூணில் எத்தனை ஹைட்ரஜன் அணு என்று வரும், வாயு தன் ஒளியைத் தானே விழுங்காதவரை. எந்த வழியில் போனாலும், மழுக்குவதற்கு முன்னும் பின்னும் கேலக்ஸியின் மொத்த ஃப்ளக்ஸை எடுத்துப் பாருங்கள். சில சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். 4.7 மடங்கு தள்ளி நின்றால் எங்கே தப்பு என்று தேடவே வேண்டியதில்லை.

காசாவில் உருவான கியூபில் சேனலுக்குச் சேனல் பீம் கொஞ்சம் மாறலாம். ஸ்பெக்ட்ரல்-கியூப் அதைத் திறக்கும்போதே வேறு வகைக் கியூபாகத் திறக்கும், சில செயல்களைச் செய்ய மறுக்கும். எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு பீமுக்கு மழுக்கிவிட்டால் சரியாகிவிடும்.

பிக்சல் வலையை மாற்றுவது எப்போதும் கடைசி. முதலில் மழுக்கு, அப்புறம் வலை மாற்று. வேக அச்சிலும் அப்படியே. 2.6 கி.மீ. சேனலை 5.2-க்குக் கொண்டுவர ஒன்றுவிட்டு ஒன்றைப் பொறுக்கினால் பாதித் தரவு குப்பைக்குப் போகும். மழுக்கிவிட்டு மாற்றுங்கள். ரீப்ரொஜெக்ட் தொகுப்பு எதிர்பார்ப்பது பரப்புப் பிரகாசம். பிக்சலுக்கு இவ்வளவு ஃப்ளக்ஸ் என்ற அலகில் கொடுத்தால் பிக்சல் அளவு மாறும்போது மொத்தம் கெட்டுப்போகும். வலை மாற்றியபின் பக்கத்துப் பிக்சல்களின் இரைச்சல் ஒன்றோடொன்று கலந்திருக்கும், அதனால் பிக்சல்களை எண்ணி வர்க்கமூலம் போட்டுப் பிழையைக் குறைத்துக் காட்டாதீர்கள். பீம்களைத்தான் எண்ண வேண்டும். பீமின் பரப்பு, இரண்டு அகலங்களின் பெருக்குத்தொகையை 1.133-ஆல் பெருக்கினால் வருவது.

மென்பொருளால் தீராதவையும் உண்டு. ஆண்டெனா வரிசையால் படத்தில் விழும் சிதறலைச் சுத்தம் செய்யும் நிரல் மங்கலான வாயுவை முழுதாக எடுக்காமல் நிறுத்தியிருந்தால், மீதியாக நிற்கும் ஃப்ளக்ஸின் பீம் ஹெடரில் உள்ள பீம் அல்ல. அதற்குத் திருத்த முறைகள் இருக்கின்றன, ஆனால் அவை ஃப்ளக்ஸுக்கு உதவினாலும் இரைச்சலைச் செயற்கையாகக் குறைத்துக் காட்டலாம் என்ற சர்ச்சையும் இருக்கிறது. நான் இரண்டு விதமாகவும் செய்து வித்தியாசத்தைப் பிழையில் சேர்த்துக்கொள்கிறேன். நீங்கள் பார்த்த கிண்ணப் பள்ளம் ஆழமாக இருந்தால், குறுகிய இடைவெளி ஆண்டெனா ஜோடிகள் இல்லாததால் பரந்த ஃப்ளக்ஸ் தொலைந்திருக்கிறது. கியூபை எப்படிப் பிசைந்தாலும் அது திரும்பி வராது, ஒற்றை டிஷ் தரவைச் சேர்க்க வேண்டும். மையத்துக்குப் பக்கத்தில் கோட்டின் அகலம் திடீரென்று ஏறுவதையும் கொந்தளிப்பு என்று எழுதிவிடாதீர்கள். செங்குத்தாக ஏறும் சுழற்சி வேகத்தை ஒரே பீம் வாரிக்கொள்வதால் அது வரலாம். 3டி-பரோலோ போன்ற நிரல்கள் பீமையும் சேர்த்து மாதிரி செய்து இரண்டையும் பிரிக்கப் பார்க்கும்.

ஆப்டிகல் கியூப் பக்கம் போனால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அலைநீளம் காற்றிலா, வெற்றிடத்திலா? மியூஸ் கருவியின் கியூப்கள் வழக்கமாகக் காற்றில், ஜேம்ஸ் வெப் வெற்றிடத்தில். ஹைட்ரஜன் ஆல்ஃபா காற்றில் 6562.8 ஆங்ஸ்ட்ராம், வெற்றிடத்தில் 6564.6. குழப்பினால் நொடிக்கு 80 கி.மீ.க்கு மேல் போச்சு.

இதையெல்லாம் செய்தபின்னும் உங்கள் வேக வரைபடத்தில் ஒன்றிரண்டு இடம் அக்கம்பக்கத்தோடு ஒட்டாமல் நிற்கலாம். அதை உடனே இரைச்சல் என்று அழிக்க வேண்டாம். கார்ட்டாவில் அந்தப் பிக்சலில் கர்சரை வைத்து நிறமாலையைப் பாருங்கள். 2950-இல் ஒரு சிகரம், 3050-இல் ஒரு சிகரம், நடுவே 3000-இல் ஒன்றுமே இல்லை என்றிருந்தால், வரைபடம் அங்கே 3000 என்று காட்டும். கணக்கு சரிதான், ஆனால் அந்த வேகத்தில் அங்கே வாயு இல்லை. அந்த இடத்துக்கு மட்டும் மோமென்ட்டை விட்டுவிட்டு, இரண்டு காஸியன் பொருத்திப் பாருங்கள்.